கோல் வீரன் படத்துக்கு கீழ யார் எப்போ வரைஞ்சதுன்னு ஒரு வரி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பிரான்ஸ் நாட்டு பழைய வரலாறு பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, கட்டுரை நல்லா இருந்துச்சு, எழுதினவர் உழைச்சு எழுதியிருக்கார், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பக்கத்துல பாதி இடத்த அடைச்சு ஒரு படம் வந்திருந்துச்சு பாருங்க, ரெண்டு பக்கமும் றெக்கை வெச்ச இரும்பு தொப்பி, மார்பு வரைக்கும் தொங்கற மீசை, கைல கோடாலி, கீழ "பண்டைய கோல் வீரன்"னு மட்டும் எழுதியிருந்துச்சு (கோல்ங்கறது பிரான்ஸ் பக்கத்தோட பழைய பேரு, அங்க இருந்தவங்கதான் கோல்காரங்க). யார் வரைஞ்சது, எந்த வருஷம் வரைஞ்சது, ஒண்ணுமே இல்ல. பள்ளிக்கூட பிள்ளைங்க அத வெட்டி நோட்டுல ஒட்டிக்கும், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ நேர்ல பாத்து வரைஞ்சதுன்னு நம்பிக்கும். அந்த றெக்கை தொப்பி 19ஆம் நூற்றாண்டுல ஓவியர்களும் சிற்பிகளும் பரப்பி விட்டது சார். அப்புறம் 1936ல மார்செல் ஜாக்னோங்கற டிசைனர் கோலுவாஸ் சிகரெட் பாக்கெட்டுக்கு அதே தொப்பிய வரைஞ்சு கொடுத்தார், அது பெட்டிக்கடை பெட்டிக்கடையா போய் மனசுல பதிஞ்சு போச்சு.

நான் புதுச்சேரில முப்பது வருஷத்துக்கு மேல டிராயிங் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. மகன் லியோன்ல இருக்கான், அவன பாக்க போற சாக்குல அங்க மியூசியம் மியூசியமா சுத்தியிருக்கேன். கோல்காரங்க மேல எனக்கு ஆர்வம் வந்ததுக்கு காரணம் எங்க தாத்தா. பிரெஞ்சு ஆட்சி காலத்துல அவர் படிச்ச பள்ளிக்கூடத்துல "நம்ம முன்னோர்களான கோலுவாக்கள்"னு, அதாவது கோல்காரங்கன்னு, வரலாற்று பாடம் ஆரம்பிக்குமாம், கருப்பா வேட்டி கட்டிட்டு உக்காந்திருந்த பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து அத மனப்பாடமா ஒப்பிச்சாங்களாம். தாத்தா அத சொல்லும்போது அந்த பாடப்புத்தக படத்தையும் சொல்லுவார், மஞ்ச முடி, தொங்கு மீசை, கோபமான கண்ணு. அந்த மூஞ்சி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சதுதான் எனக்கு இத்தன வருஷ வேலையா ஆயிடுச்சு.

கோல்ங்கறது இன்னைக்கு பிரான்ஸ், பெல்ஜியம் இருக்கற இடமும் வட இத்தாலில ஒரு பகுதியும்னு வெச்சுக்கங்க. அந்த மக்கள்ல ஒரு கூட்டம் கிழக்க போய் கி.மு. 279ல கிரீஸ்ல டெல்பி கோயில் வரைக்கும் தாக்கிட்டு, அடுத்த வருஷம் கடல தாண்டி இன்னைக்கு துருக்கி இருக்கற எடத்துல போய் குடியேறிடுச்சு. பைபிள் படிக்கறவங்களுக்கு கலாத்தியர் நிருபம் தெரியும்ல, கலாத்தியாங்கற பேரு இவங்க போய் தங்கினதால வந்ததுதான். அங்க பக்கத்துல பெர்கமோன்னு ஒரு ராஜ்யம், அதோட ராஜா முதலாம் அட்டாலஸ் இவங்கள சண்டைல ஜெயிச்சாரு, ஜெயிச்சத கொண்டாட வெண்கல சிலைங்க செய்ய சொன்னாரு. வெண்கலம் எல்லாம் போயிடுச்சு, ரோமானியர்கள் பளிங்குல எடுத்த நகல்தான் நமக்கு மிச்சம். உலகத்துல கோல்காரன்னு சொன்னதும் வர்ற முதல் மூஞ்சி அதுலேர்ந்து வந்ததுதான், அதாவது தோக்கடிச்சவன் காசு கொடுத்து செய்ய வெச்ச மூஞ்சி.

அதுல ஒண்ண ரோம்ல கேப்பிட்டோலைன் மியூசியத்துல நேர்ல பாத்தேன். "சாகும் கோல்"னு பேரு. ஒரு மணி நேரம் அங்கயே நின்னுட்டேன், மகன் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுட்டு போயிட்டான். ஆள் அளவு சிலை, அவனோட கேடயத்து மேலயே விழுந்து கிடக்கான், வலது கைய தரைல ஊனி உடம்ப தாங்கிட்டு இருக்கான், இடது கை வலது தொடை மேல கிடக்கு, தலை தொங்கிடுச்சு. உடம்புல துணி இல்ல, கழுத்துல மட்டும் கயிறு முறுக்கின மாதிரி ஒரு வளையம். வலது பக்கம் மார்புக்கு கீழ கத்தி குத்து, அதுலேர்ந்து வழியற ரத்தத்த சொட்டு சொட்டா பளிங்குலயே செதுக்கியிருக்கான் சிற்பி. முடிய பாருங்க, கத்தை கத்தையா விறைச்சுகிட்டு நிக்குது. இது சிற்பியோட கற்பனை கிடையாது. கோல்காரங்க சுண்ணாம்பு தண்ணிய தலைல தேச்சு தேச்சு பின்னாடி வாரி விடுவாங்க, முடி குதிரை பிடரி மாதிரி தடிச்சிடும்னு சிசிலிய சேந்த தியோடோரஸ்ங்கற கிரேக்கர் எழுதியிருக்கார். பெரிய மனுஷங்க தாடிய மழிச்சுட்டு மீசைய மட்டும் வாய மூடற அளவுக்கு விடுவாங்க, குடிக்கும்போது மீசையே வடிகட்டி மாதிரி ஆயிடும்னும் அவர்தான் சொல்றார். சிலைலயும் தாடி இல்ல, மீசை இருக்கு.

எனக்கு அந்த சிலைல பிடிச்சது என்னன்னா அவன் யாரையும் பாக்கல. கெஞ்சல. கண்ண தரைல வெச்சுகிட்டு கை இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்னு பாக்கற மாதிரி இருக்கான். எதிரிய கேவலமா காமிச்சா ஜெயிச்சதுல பெருமை இல்லன்னு ராஜா கணக்கு போட்டிருக்கலாம், ஆனா உளி பிடிச்சவனுக்கு அந்த கணக்கு மட்டும் இருந்திருக்காதுன்னு நான் நம்பறேன், பக்கத்துல உக்காந்து ஒரு மனுஷன் சாகறத பாக்காம அந்த தோள்பட்டைய அப்படி செதுக்க முடியாது. நாப்பது வருஷம் பென்சில் பிடிச்ச கை சொல்லுது.

1623ல ரோம்ல லுதோவிசி குடும்பத்து பட்டியல்ல இந்த சிலை முதல் தடவையா வருது, அதுக்கப்புறம் ரொம்ப காலம் அத கிளாடியேட்டர்னுதான் எல்லாரும் கூப்பிட்டாங்க. கழுத்து வளையத்தையும் மீசையையும் சுண்ணாம்பு முடியையும் சேத்து வெச்சு பாத்துதான் இது கோல்காரன்னு பிறகு முடிவு பண்ணினாங்க. நடுவுல நெப்போலியன் 1797 ஒப்பந்தத்துல அத பாரிசுக்கு அள்ளிட்டு போய், அவர் விழுந்ததுக்கு அப்புறம் திரும்பி ரோமுக்கே வந்துடுச்சு. இதுக்கு ஜோடியா இன்னொரு சிலை அதே ரோம்ல பலாஸ்ஸோ அல்தெம்ப்ஸ்ல இருக்கு, பொண்டாட்டி எதிரி கைல மாட்டக்கூடாதுன்னு அவள கொன்னுட்டு ஒரு கைல அவள தாங்கிகிட்டே தன் கழுத்துகிட்ட வாள இறக்கிக்கற கோல்காரன். அத ரொம்ப நேரம் பாக்க என்னால முடியல, வந்துட்டேன்.

ரோமானியர்கள் தங்களுக்குன்னு செய்யும்போது இந்த மரியாதை எல்லாம் குறைஞ்சு போச்சு. தெற்கு பிரான்ஸ்ல கார்பன்ட்ராங்கற ஊர்ல ஒரு வளைவு இருக்கு, அதுல கைய பின்னாடி கட்டின கைதிங்கதான் அலங்காரம். கி.மு. 48ல ஹோஸ்டிலியஸ் சசெர்னாங்கறவர் அடிச்ச வெள்ளி காசுல ஒரு கோல் கைதி மூஞ்சி இருக்கு, கன்னம் ஒட்டிப்போய், தாடி, முடி பின்னாடி பறக்குது, கழுத்துல சங்கிலி. அது கோல் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ்தான்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆனா காசுல பேர் இல்ல, நிரூபணமும் இல்ல.

வெர்சிங்கெடோரிக்ஸ் யாருன்னு உங்க கட்டுரைலயே இருந்துச்சு, கி.மு. 52ல கோல் ஜனங்கள ஒண்ணு சேத்து ரோமானிய தளபதி சீசர எதிர்த்து நின்னு, ஜெர்கோவியால ஜெயிச்சு, அலேசியால முற்றுகைல மாட்டி சரணடைஞ்ச தலைவன். ஆறு வருஷம் சிறைல வெச்சு கி.மு. 46ல சீசரோட வெற்றி ஊர்வலத்துல நடத்தி காமிச்சு கொன்னுட்டாங்க. இப்ப ஒரு விஷயம் சொல்றேன், இதுக்காகத்தான் இந்த கடிதாசியே எழுத ஆரம்பிச்சேன். அவன் உயிரோட இருக்கும்போதே அவன் பேர் போட்ட தங்கக்காசு அடிச்சிருக்காங்க, ஏழு கிராம் சொச்சம் எடை, அதுல கொஞ்சம் காசு இன்னைக்கும் பத்திரமா இருக்கு. ஒரு பக்கம் பாயற குதிரை, அதுக்கு கீழ ஒரு மது ஜாடி, மறு பக்கம் சுருள் முடி வெச்ச ஒரு இளைஞன், சுத்தி அவன் பேரு. மீசை இல்ல சார். தாடி இல்ல. றெக்கையும் இல்ல. மொழுமொழுன்னு ஒரு பையன் மூஞ்சி. அதுவும் அவன் ஜாடைதானான்னா அத அப்படியே நம்பிட முடியாது, ஏன்னா கோல்காரங்க ரொம்ப காலமா மாசிடோனியா ராஜா பிலிப்போட தங்கக்காச பாத்துதான் தங்க காச அடிச்சாங்க, அதுல இருந்தது அப்போலோ தெய்வத்தோட தலை. இருந்தாலும் அவனே தன் பேர எந்த மூஞ்சிக்கு பக்கத்துல போட்டுக்க ஒத்துக்கிட்டான்னு பாக்கணும்ல, அது இந்த மூஞ்சிதான்.

அதே மாதிரி தெற்கு பிரான்ஸ்ல அவிஞோன்ல வாஷேர் வீரன்னு ஒரு கல் சிலை, 1892ல வாஷேர் கிராமத்துல கிடைச்சது. கிட்டத்தட்ட சீசர் காலத்துக்கு கொஞ்சம் பின்னாடி. குட்டையா வெட்டின முடி, மழிச்ச முகம், கழுத்துல தடியா அந்த வளையம், உடம்புல இரும்பு வளையம் கோத்த சட்டை, தோள்ல போர்வை. சட்டைல இருக்கற வளையத்த வரிசை வரிசையா செதுக்கியிருக்காங்க, கிட்ட போய் பாத்தா வலை பின்னின மாதிரி இருக்கும். இந்த சங்கிலி சட்டைய முதல்ல செஞ்சது கெல்ட் ஜனங்கதான் (கோல்காரங்க அவங்கள்ல ஒரு பிரிவு), ரோமானியர்கள் அவங்ககிட்டேர்ந்து எடுத்துக்கிட்டதுன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் சொல்றாங்க. அவ்வளவு நுணுக்கமான வேலை தெரிஞ்ச ஜனத்த அரை நிர்வாணமா கோடாலிய தூக்கிட்டு கத்தற கூட்டமா வரையறது எனக்கு மனசு ஒப்பல.

நடுக்காலத்த பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. அப்ப பிரெஞ்சு ராஜாக்கள் தாங்க ட்ராய் நகரத்து வம்சம்னு சொல்லிகிட்டாங்க, கோல்காரங்கள யாரும் பெருசா கண்டுக்கல, சீசர் கதைக்கு படம் வரைஞ்சவங்க தங்க காலத்து நைட் வீரங்க மாதிரியே தலைலேர்ந்து கால் வரைக்கும் இரும்பு கவசம் மாட்டி விட்டாங்க. 16ஆம் நூற்றாண்டுல ஒரு மாற்றம் வருது, கோல் ஹெர்குலிஸ்னு ஒரு உருவம், நாக்குலேர்ந்து சங்கிலி புறப்பட்டு கேக்கறவங்க காதுக்கு போகும், பேச்சாலயே ஜனங்கள இழுக்கறவன்னு அர்த்தம். 1549ல இரண்டாம் ஹென்றி பாரிசுக்குள்ள நுழைஞ்சப்போ வளைவு மேல இத வெச்சிருந்தாங்க, மூஞ்சி மட்டும் செத்துப்போன அவங்க அப்பா பிரான்சுவா ராஜாவோடது.

மீசை திரும்பி வந்தது பிரெஞ்சு புரட்சிக்கு அப்புறம். 1789ல சியேயஸ்ங்கற பாதிரியார் ஒரு துண்டு நூல் எழுதினார், பிரபுக்கள் எல்லாம் தங்கள ஃப்ராங்க் இனத்து வம்சம்னு பெருமை பேசறாங்களே, அப்ப அவங்கள ஃப்ராங்குங்க வந்த ஜெர்மன் காட்டுக்கே திருப்பி அனுப்பிடலாம், நாங்க கோல் ரோமானிய வம்சம்னு சொல்லிக்கறோம்ங்கற மாதிரி. அப்பதான் சாதாரண ஜனங்களுக்கு முன்னோர்னு கோல்காரன் வேணும்னு ஆச்சு. முன்னோர்னா ஒரு மூஞ்சி வேணும்ல, கைல இருந்தது பழைய ரோமானிய சிலைங்களும் கிரேக்கர்கள் எழுதி வெச்சதும்தான், அதையே எடுத்துகிட்டு இன்னும் கொஞ்சம் மீசைய நீட்டினாங்க.

பிரான்ஸ் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1861லேர்ந்து 1865 வரைக்கும் அலேசியா இருந்த எடத்துல தோண்ட வெச்சார், தோண்டினது நல்ல வேலை, நான் அத மதிக்கிறேன். 1865ல அந்த மலை மேலயே ஏமே மிலேங்கற சிற்பிய வெச்சு வெர்சிங்கெடோரிக்சுக்கு ஒரு சிலை நிறுத்தினார், செப்பு தகட்ட அடிச்சு செஞ்சது, சிலை மட்டும் 6.6 மீட்டர், கீழ பீடம் தனி. நான் போன அன்னைக்கு தூறல், சிலை பச்சை பிடிச்சு போய் கீழ பள்ளத்தாக்க பாத்துட்டு நின்னுச்சு, வாள தரைல ஊனிட்டு. ரொம்ப சோகமான அழகு. ஆனா கிட்ட போய் ஒவ்வொண்ணா பாருங்க, கழுத்துல முத்து மாலை, கால்ல சுத்தின பட்டை பல நூறு வருஷம் பின்னாடி வந்த ஃப்ராங்க் காலத்து வழக்கம், வாள் பல நூறு வருஷம் முன்னாடி போன வெண்கல காலத்து ரகம். முகஜாடை மூன்றாம் நெப்போலியனோடதுன்னு அப்பவே பேச்சு இருந்துச்சு. அஞ்சே வருஷத்துல 1870ல அவரே பிரஷ்யாகாரங்ககிட்ட செடான்ல கைதி ஆனார்.

அந்த தோல்விதான் அடுத்த படங்கள வரைய வெச்சுச்சு. தோத்தாலும் தலை நிமிந்து தோத்தோம்னு சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு. 1899ல லியோனெல் ருவாயே வரைஞ்ச படம்தான் உலகம் முழுக்க புத்தகத்துல வர்றது, வெள்ளை குதிரை மேல வெர்சிங்கெடோரிக்ஸ், நீள சடை, மீசை, ஆயுதத்த சீசர் கால்கிட்ட வீசறான், சீசர் உக்காந்து பாக்கறார். ஓவியமா பாத்தா பிரமாதம், அந்த குதிரை ஒரு காலடி எடுத்து வெக்கற விதம் இருக்கே, வெறும் பிரஷ்ஷால அப்படி கொண்டு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஆனா சீசர் தானே எழுதின குறிப்புல இதுக்கு ரெண்டே ரெண்டு சொற்றொடர்தான், வெர்சிங்கெடோரிக்ச ஒப்படைச்சாங்க, ஆயுதங்கள கொண்டு வந்து போட்டாங்க. குதிரை வீரநடை எல்லாம் நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு ப்ளூடார்க்ங்கற கிரேக்க எழுத்தாளர் எழுதினது. அப்புறம் அந்த பெரிய குதிரை, கிளெர்மோன் ஃபெரான் பக்கத்துல கோந்தோல்ங்கற எடத்துல 2002ல ஒரே குழில எட்டு ஆளுங்களையும் எட்டு குதிரைங்களையும் சேத்து புதைச்சிருந்தத கண்டுபிடிச்சாங்க, அந்த காலத்து கோல் குதிரைங்க இன்னைக்கு நாம போனின்னு சொல்ற அளவுதான். அதே கிளெர்மோன்ல 1903லேர்ந்து நிக்கற வெர்சிங்கெடோரிக்ஸ் சிலைல குதிரை வானத்துல பறக்குது, அத செஞ்ச பார்த்தோல்டிதான் நியூயார்க் சுதந்திர தேவி சிலையையும் செஞ்சவர்.

பொம்பளைங்க விஷயத்துல எனக்கு உண்மையாவே வருத்தம். 1893ல போல் ழமேன் வரைஞ்ச படத்துல கோல் தலைவன் பிரென்னஸ் கொள்ளையடிச்ச பொருளுக்கு நடுவுல நிக்கறான், முன்னாடி துணி இல்லாத ரோமானிய பொண்ணுங்க, அவனுக்கு பங்கா வந்தவங்களாம். நான் முன்னாடி சொன்ன அல்தெம்ப்ஸ் சிலைல கோல் பொண்ணு செத்து தொங்கறா. இவ்வளவுதான் அவங்களுக்கு கொடுத்த இடம். ஆனா 1953ல பர்கண்டில விக்ஸ்ங்கற கிராமத்துல ஒரு கல்லறைய தோண்டினாங்க, கி.மு. 500 வாக்குல புதைச்ச ஒரு பொம்பளை, கழுத்துல 480 கிராம் தங்க வளையம், பக்கத்துல 1.64 மீட்டர் உசரத்துக்கு ஒரு வெண்கல மது பாண்டம், அந்த காலத்துலேர்ந்து நமக்கு கிடைச்சதுலயே பெருசு அதுதான், 1,100 லிட்டர் பிடிக்குமாம். அது என்ன விட உசரம் சார். அந்த பாண்டத்துக்கு சொந்தக்காரிய எந்த ஓவியரும் 19ஆம் நூற்றாண்டுல நினைச்சு கூட பாக்கல.

1959ல ஆரம்பிச்ச ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் பத்தி ஒரு வார்த்தை. என் பேரன் அத வெச்சுதான் பிரெஞ்சு படிக்கவே கத்துகிட்டான், நானும் கூட உக்காந்து சிரிச்சிருக்கேன், அத குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனா அதுல தூக்கிட்டு போற நெடுங்கல் எல்லாம் கோல்காரங்களுக்கு சில ஆயிரம் வருஷம் முன்னாடி வேற ஜனங்க நட்டது, தின்கிற காட்டுப்பன்னிக்கு பதிலா அவங்க நிஜத்துல தின்னது பெரும்பாலும் வீட்டுல வளத்த பன்னியும் ஆடு மாடும்னு எலும்ப ஆராய்ஞ்சவங்க சொல்றாங்க. பேரன்கிட்ட சொன்னேன், அவனுக்கு படிக்கறதுல ஆசை குறையல, இன்னும் நாலு கேள்விதான் கூட கேட்டான்.

அப்ப கோல்காரங்க தங்கள தாங்களே எப்படி செஞ்சுகிட்டாங்கன்னு கேப்பீங்க. பாரிஸ்லேர்ந்து ரயில் ஏறி கடைசி ஸ்டேஷன் சான் ஜெர்மேன் ஆன் லேல இறங்கினா எதிர்லயே ஒரு பழைய கோட்டை, உள்ள தேசிய தொல்லியல் மியூசியம். அங்க எஃபினேய்ங்கற ஊர்லேர்ந்து வந்த ஒரு சாமி சிலை, முழங்கை நீளம் கூட இருக்காது. கல் தூண் மாதிரி உடம்பு, கை இல்ல கால் இல்ல, கழுத்துல அதே முறுக்கு வளையம், நெஞ்சுல செங்குத்தா ஒரு காட்டுப்பன்னி பிடரி சிலிர்த்துகிட்டு, பக்கவாட்டுல பெருசா ஒரு கண்ணு. மூஞ்சில மீசை கிடையாது. பக்கத்து அலமாரிங்கள்ல வாள் உறை, தேர் பூண், எல்லாத்துலயும் கொடி சுருண்டு சுருண்டு ஓடுது, நம்ம கோயில் தூண்ல கொடிக்கருக்கு வேலை இருக்குமே அத பாத்து பழகின கண்ணுக்கு உடனே பிடிபடும், அந்த சுருளுக்குள்ள உத்து பாத்தா ரெண்டு கண்ணும் ஒரு மூக்கும் தெரியும், கொஞ்சம் தலைய சாச்சா மறைஞ்சிடும். மனுஷ மூஞ்சிய அப்படியே பதிய வெக்கறதுல அவங்களுக்கு ஆசை கம்மி, மறைச்சு வெக்கறதுலதான் ஆசை. அதனாலதான் அவங்க மூஞ்சிய மத்தவங்க இஷ்டத்துக்கு வரைஞ்சுக்க இடம் கிடைச்சுது.

அதனால நான் கேக்கறது ஒண்ணுதான் சார். ருவாயே படம் போடுங்க, மிலே சிலை போடுங்க, றெக்கை தொப்பி கூட போடுங்க, கீழ யார் செஞ்சது எந்த வருஷம்னு சின்ன எழுத்துலயாவது ஒரு வரி சேத்துடுங்க, "1899ல வரைஞ்சது"ன்னு இருந்தாலே எட்டாங்கிளாஸ் பிள்ளை கூட தானா புரிஞ்சுக்கும். முடிஞ்சா அந்த தங்கக்காசையும் வாஷேர் வீரனையும் ஒரு ஓரமா போடுங்க. வாஷேர் வீரன நானே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், கேட்டா மெயில்ல அனுப்பறேன், பணம் எதுவும் வேணாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
புதுச்சேரி